வெட்டாமல் விட்டது

பலகையில் ஏரி என்று போட்டிருக்கிறது.
எங்களுக்கு அது ஈயக்குட்டை.
ஈயத்தை அள்ளிப் போனவர்கள் மூடாமல் விட்ட குழியில்
மழை தானாக வந்து குடியேறியது.
பிறகு கோரை. பிறகு மீன்கொத்தி.
பிறகு இருபத்தெட்டு மாடிக்குக் கண்ணாடி வீடுகள்.
கடைசியாக நான்,
தோளில் புல்வெட்டும் இயந்திரத்தோடு.

கெப்போங்கில் இந்தக் கரை என் பொறுப்பு.
மாதம் இருமுறை,
தண்ணீர் தொடும்வரை மொட்டை.
ஒப்பந்தத்தில் மொட்டை என்று இல்லை,
அழகுபடுத்துதல் என்று இருக்கிறது.

அன்று முழங்கால் சேற்றில் ஒருத்தி நின்றிருந்தாள்.
சியூ ஹுவா என்றாள்.
பத்து நிமிடம் பொறுக்க முடியுமா, என்று மலாயில் கேட்டாள்.
இயந்திரத்தை அணைத்தேன்.
காதுக்குள் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.

கோரைத் தண்டில் ஒரு சட்டை காட்டினாள்.
பாம்புச் சட்டை பார்த்திருக்கிறேன்.
இது கட்டைவிரல் நகத்தளவு.
முதுகில் ஒரு கிழிசல், உள்ளே ஆளில்லை.
ஆறு கால்களும் இன்னும் தண்டை விடவில்லை,
போனவன் திரும்பிவிடுவான் என்பதுபோல.

மாதக்கணக்கில் நீருக்கடியில் கிடக்குமாம்,
வண்டல் நிறத்தில், கொசுப்புழு தின்று.
பிறகு ஒரே ஓர் இரவு.
தண்டைப் பிடித்து ஏறவேண்டும்,
முதுகு பிளக்கவேண்டும்,
விடிவதற்குள் இறக்கை காயவேண்டும்.

அந்த இரவில் தண்டு இல்லாவிட்டால்?
அவள் பதில் சொல்லவில்லை.
என் தோளில் தொங்கியதைப் பார்த்தாள்.

ஏழு வருடம்.
மாதம் இருமுறை.
பெருக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

இதற்கு லத்தீனில் ஒரு பெயர் சொன்னாள்,
என் வாயில் நிற்கவில்லை.
நாங்கள் தட்டான் என்போம்,
பொன் தட்டுபவனுக்கும் அதே பெயர்தான் என்றேன்.
பொன்னா, என்று சிரித்தாள்.
அது ஈயக்கறுப்பு. வால்நுனியில் மட்டும்
யாரோ குங்குமம் தொட்டு வைத்ததுபோல் ஒரு சிவப்பு.
நான் பார்த்ததில்லை.
ஏழு வருடமும் குனிந்தே இருந்திருக்கிறேன்.

செந்தூல் ரயில்வே குடியிருப்பில் சிறுவனாக
எத்தனை வாலில் நூல் கட்டினேன்
என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த முறை நாலடி அகலத்துக்குக் கோரையை விட்டேன்.
மூன்றாம் நாள் மேற்பார்வையாளர் ஸம்ரி
கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.
குடியிருப்பாளர் குழுவில் என் கோரையின் படம்,
கீழே: பாம்பு வரும். கொசு வரும். விலை குறையும்.
சம்பளத்தில் ஐம்பது வெள்ளி பிடித்தார்கள்.

மறுமாதம் என் கூட்டாளி ரஃபிகுல்
அதே இடம் வந்ததும்
ஒரு வார்த்தை பேசாமல் கத்தியை உயர்த்திக்கொண்டான்.
அவனுக்கும் ஐம்பது.

அந்த மாதமே கொசுவுக்குப் புகை அடித்தார்கள்.
கொசுவைத் தின்பவை மேலும் புகை இறங்கியது.

மன்றத்தில் கூட்டம் நடந்ததாம்.
திட்டத்தில் சிமெண்டுக் கரையும் வண்ண விளக்கு நீரூற்றும்
அன்னப்பறவை வடிவப் படகுகளும்.
சியூ ஹுவாவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.
காலிச் சட்டைகளை ஒரு தீப்பெட்டியில் கொண்டுபோயிருந்தாள்.
ஒருவர் தும்மியதில் இரண்டு பறந்துபோயின.

முடிவு: கிழக்குக் கரையில் பன்னிரண்டு மீட்டர்.
பரிசோதனை முறையில்.
ஆறு மாதம்.

கம்பு நட்டு நைலான் கயிறு கட்டச் சொன்னார்கள்.
கட்டினேன்.
முடிச்சுப் போடும்போது விரல்களுக்கு ஞாபகம் வந்தது.
இந்த முறை கயிறு தட்டானுக்கு இல்லை,
எனக்கு.

நேற்று ஐந்தரை மணிக்கே வந்துவிட்டேன்.
மேல்மாடி வெளிச்சத்தில் ஒன்று
ஈரம் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.
இறக்கை கசங்கிய காகிதம்.
மெல்ல, மிக மெல்ல விரிந்தது.
சிவப்பு இருந்ததா என்று தெரியவில்லை,
இருட்டு.

இந்த மாதம் எண்ணியது ஒன்பது சட்டை.
போன மாதம் பதினொன்று.
சியூ ஹுவா எழுதிக்கொள்கிறாள்.
மேற்குக் கரையில் நான் இயந்திரத்தை இழுத்து முடுக்குகிறேன்,
இன்னும் முந்நூறு மீட்டர் இருக்கிறது.